ஆறாவது பாட்டின் பிசிறு

கலியாண வீடியோ எடுக்கிறவனுக்கு மனிதர்கள் மீது நம்பிக்கை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். மேடையில் பல் தெரியச் சிரிக்கும் மச்சான்மார் பந்தலுக்குப் பின்னால் போய் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வார்கள். மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு நிற்கும் கூட்டாளி, கெமரா திரும்பியதும் முகத்தைச் சுளிப்பான். இதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை அழகாக ஒட்டிக் கையில் கொடுப்பதுதான் என் தொழில். வெட்டி எறிந்தவை எங்கேயும் போகவில்லை. என் தலைக்குள் வந்து குந்திக்கொண்டன.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளம் டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்கு வேலை செய்தேன். எடிட்டிங்கை மட்டும் கனமூலையில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் எல்லா வீடியோவுக்கும் ஒரே பாடகிதான். ஆங்கிலத்தில் பாடுகிற ஒரு வெளிநாட்டுக்காரி. பெயர் சொல்லத் தெரியாதவர்களும், "அந்தக் கத்துற பொம்புளட பாட்டப் போடுங்க" என்பார்கள். கற்பிட்டிக் கடற்கரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வருவார்கள், காற்று முக்காட்டைத் தூக்கும், சரியாக அந்த இடத்தில் அவளுடைய குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். கேட்டுக் கேட்டு எனக்கு அந்தக் குரல் மீதே வெறுப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிதாக அழுகிறவள் உண்மையில் அழவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

எனக்கு ஒரே தங்கச்சி. வாப்பா மௌத்தாகிவிட்டதால் அவளுக்குப் பொறுப்பு நான்தான். மொண்டிசூரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுத்தாள். பகல் முழுவதும் அங்கே பாட்டும் கூத்துமாக இருந்துவிட்டு வருவாள். வீட்டுக்குள் கால் வைத்தால் வாயே திறக்கமாட்டாள். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் நான் கழித்துவிட்டிருந்தேன்.

கழித்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் கலியாணங்களில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். ஒரு மனிதனை அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. யாராவது பெண் கேட்டு வந்தால், பழைய வீடியோக்களைத் தோண்டி அந்த ஆள் சஹனில் உட்கார்ந்திருக்கும் காட்சியைத் தேடிப் பிடிப்பேன். ஒருத்தன், மற்றவர்கள் பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள் கோழியின் பெரிய துண்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டான். இன்னொருத்தன், பக்கத்தில் இருந்த வயதான மனிதருக்குக் கறி எட்டவில்லை என்பதைக் கண்டும் காணாதவன் போல வழித்துத் தின்றான். இரண்டு பேரையும் வேண்டாம் என்றேன். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். பெண்பிள்ளையின் மௌனத்துக்கு எங்கள் ஊரில் வேறு அர்த்தம் யாரும் வைத்திருக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த லொறிக்காரனின் பேச்சு வந்தது. நுரைச்சோலையில் இருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிறவன். மன்னாரில் முசலிப் பக்கத்து ஆட்கள். தொண்ணூறில் இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு வந்து, ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, இப்போது கல்வீடு கட்டியிருந்தான். அவனும் அவனுடைய உம்மாவும்தான் வீட்டில்.

எங்கள் உம்மா என்னைக் கூப்பிட்டு எதிரே கதிரையில் உட்காரவைத்தார்.

"இந்தா பாரு மகன், இதையும் நீ கலச்சிப்போட்டியெண்டா இனி ஒருத்தரும் இந்தப் படி ஏறமாட்டாங்க. புள்ள என்னோடயே இரிந்து கெழவியாகிப் போகும். நல்லா விசாரி. ஆனா கலைக்கிறதுக்கெண்டு விசாரிக்காத."

நல்லா விசாரி என்று சொல்வது லேசு. எங்கே போய் விசாரிப்பது? மாப்பிள்ளை விசாரிப்பது என்றால் அவனுடைய ஊருக்குப் போக வேண்டும். தேத்தண்ணிக் கடையில் உட்கார வேண்டும், பள்ளிவாசல் வாசலில் கதை கொடுக்க வேண்டும், அவனுடைய வாப்பாவோடு வேலிச் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரனைத் தேடிப் பிடிக்க வேண்டும். உண்மை அந்தச் சண்டைக்காரன் வாயில்தான் இருக்கும். இவனுடைய ஊரோ காடாகிக் கிடந்தது. வேலியும் இல்லை, சண்டை போட்டவனும் இல்லை. ஒருத்தன் ஜா-எலயில், ஒருத்தன் லண்டனில். ஆலங்குடாவில் கேட்டால் எல்லோரும் ஒரே வாயாக "தங்கமான புள்ள" என்றார்கள். ஒரே வாயாகச் சொல்வதை நான் எப்போதும் நம்புவதில்லை.

அவன் இருந்த ஒரு சஹன் காட்சி கிடைத்தது. தனக்கு முன்னால் இருந்த சோற்றை மட்டும் தின்றான். இறைச்சியைப் பக்கத்தில் இருந்தவனின் பக்கம் தள்ளிவிட்டான். மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தேன். இவன் கெமராவைக் கண்டுவிட்டான் என்றுதான் எனக்குப் பட்டது.

கடைசியில், யாரென்று காட்டிக்கொள்ளாமல் அவனோடு பேசிப் பார்க்க ஒரு யோசனை செய்தேன். ஒரு நாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் நுரைச்சோலை போய், ரோட்டோரமாக நின்றேன். அவனுடைய லொறி வந்ததும் கையைக் காட்டினேன். நிறுத்தினான்.

"பாலாவிச் சந்தி வரைக்கும் தம்பி."

"ஏறுங்க நானா."

நானா என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிட்டான். ஏறினேன். உள்ளே வெங்காய மணம். சீடி பிளேயரில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். முதலில் ஆள் பிடிபடவில்லை. குரல் சின்ன வயதுக் குரல், கொஞ்சம் மெலிவு, ஆனால் அடக்கமே இல்லை. பிறகு ஓர் உச்சியில் அது திரும்பிய விதத்தில் பிடிபட்டது. என்னைச் சோறு போட்டு வளர்த்த அதே கத்துகிற பொம்பிளை.

"இது யாரு பாடுற?" என்று தெரியாதவன் போலக் கேட்டேன்.

"கலியாண வீடியோவில எல்லாம் வருவாவே நானா, அவதான். இது அவ பேரெடுக்க முந்திப் பாடினது."

"வேற சீடி இல்லையா?"

"இரிந்திச்சி. இப்ப இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் அப்படியே மனதில் படம் பிடித்துக்கொண்டேன். மரக்கறி லொறிக்காரன், ஆங்கிலக்காரியின் காதல் பாட்டு, அதுவும் யாருக்கும் தெரியாத பழைய சீடி, வேறு சீடியே இல்லை. யார் கொடுத்தது? கற்பிட்டியில் அப்போது காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகைச் சறுக்கு விளையாட வெள்ளைக்காரிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். அங்கே மரக்கறி போடப் போகிற லொறி எது? எனக்குள் ஒரு முழுக் கதையும் பாலாவி வருவதற்குள் எடிட் ஆகி முடிந்துவிட்டது.

"ரெண்டு மூணு நாளைக்குத் தாறீங்களா? கேட்டுட்டுத் தாறேன்" என்றேன். தரமாட்டான் என்று நினைத்தேன். தராவிட்டால் அதுவே சாட்சி.

சந்தியில் லொறியை ஓரமாக நிறுத்தினான். சீடியை வெளியே எடுத்து, சாரத்தின் நுனியால் துடைத்து, உறையில் போட்டு நீட்டினான்.

"கீறாமப் பாத்துக்கொள்ளுங்க. ஆறாவது பாட்ட மட்டும் நல்லா சத்தம் கூட்டிக் கேளுங்க நானா."

பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவனிடம் தான் ஆசையாக வைத்திருந்த பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். சந்தேகம் இரண்டு மடங்காகியது.

வீட்டுக்கு வந்து, நடந்ததை உம்மாவிடம் சொல்லிவிட்டு, சீடியை எடிட்டிங் கணினியில் போட்டேன். முன்னறையில் பெரிய ஸ்பீக்கர் இரண்டு வைத்திருந்தேன். பக்கத்து அறை தங்கச்சியுடையது, நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும். அவள் பின்னேரங்களில் மொண்டிசூரிக்கு வண்ணக் கடதாசியில் யானை, மீன் என்று வெட்டிக்கொண்டிருப்பாள். கத்தரிக்கோல் சத்தம் எனக்குக் கேட்கும்.

முதல் பாட்டுக்கே எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னணி இசை நம் பக்கத்துப் பேண்ட்காரர்கள் வாசிக்கிற தரம்தான். ஒரு கீபோட், ஒரு மெஷின் டிரம். அதற்கு நடுவில் அவளுடைய குரல், குசினிக்குள் நின்றுகொண்டு கடலில் போகிற வள்ளத்தைக் கூப்பிடுவது போல இருந்தது. உறையில் இருந்த படத்தில், அளவில்லாத பெரிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, யாரோ நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிற ஒரு பிள்ளை. வெயிலில் படம் பாதி வெளிறியிருந்தது.

நான் கேட்டது ரசிப்பதற்கு அல்ல. துப்புத் துலக்க. எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டிருப்பான், எந்த வரியில் இந்த ஆள் மயங்கியிருப்பான், அந்த வரி யாரைப் பற்றியது என்றெல்லாம் பார்க்கத்தான். ஆனால் ஒரு பாட்டைத் துப்பறியும் காதோடு கேட்டால், ரசிக்கிறவனைவிடக் கூடக் கேட்கும். இரண்டாம் நாளே எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பிற்காலப் பாட்டுகளில் அவள் மெதுவாகத் தொடங்குவாள், சேமித்துக்கொண்டே வருவாள், எந்த இடத்தில் ஏறுவாள் என்பது ஊருக்கே தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு காட்சியை வெட்டுவேன். இந்தப் பழைய சீடியில் அந்தக் கணக்கே கிடையாது. இரண்டாவது வரியிலேயே அவசரப்பட்டு உச்சிக்கு ஏறிவிடுகிறாள். ஏறிய பிறகு போக இடமில்லாமல் அங்கேயே நிற்கிறாள். சில இடத்தில் ஏறியதற்கு வெட்கப்பட்டவள் போலப் பாதியில் இறங்குகிறாள். ஒவ்வொரு பெரிய சத்தத்துக்கும் முன்னால் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கிறது. இந்தப் பிள்ளைக்குப் பயம். பயத்தோடுதான் இவ்வளவு சத்தமும். அதை அறிந்தபோது எனக்கு அவள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. என்னை ஏமாற்றியவள் இவள் இல்லை, பிறகு வந்தவள்தான் என்று பட்டது.

ஆறாவது பாட்டுக்குப் பெரிய இசை இல்லை. பியானோ மட்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்குப் புரிந்த வரையில், ஒருத்தி வாசலில் நிற்கிறவனிடம் சொல்கிறாள். நின்றுகொண்டே இருக்காதே, உள்ளே வருவதென்றால் வா, இல்லையென்றால் போ. அவ்வளவுதான் பாட்டு. கடைசித் தடவை சொல்லும்போது குரல் மேலே போய்ப் பிசிறிவிடுகிறது. கண் மூடித் திறக்கும் நேரம்தான். உடனே தன் மேலேயே கோபப்பட்டவள் போல அதைவிட ஒரு படி மேலே ஏறிவிடுகிறாள்.

எடிட்டர் புத்தி சும்மா இருக்குமா? அந்தப் பாட்டைக் கணினியில் ஏற்றி, பிசிறின துண்டை வெட்டி எடுத்துவிட்டு, முதல் தடவை நன்றாகப் பாடிய இடத்தைக் கொண்டுவந்து ஒட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை, அப்படி வேலை. ஓடவிட்டுக் கேட்டேன். பாட்டு செத்துப்போயிருந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. சும்மா பாடினாள். மனம் கேட்காமல் பழைய துண்டையே திரும்பப் போட்டேன்.

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். ஆறாவது பாட்டு வரும்போது பக்கத்து அறையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிடும். பாட்டு முடிந்த பிறகுதான் திரும்பத் தொடங்கும். தங்கச்சிக்குத் தலைவலி போல என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்தேன். அடுத்த நாள் வந்து பார்த்தால், ஸ்பீக்கரின் திருகு நான் விட்ட இடத்தைத் தாண்டி மேலே இருந்தது. உம்மா தூசி தட்டும்போது திருகிவிட்டார் என்று அவரோடு சத்தம் போட்டேன்.

உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஓம், நான்தான் திருகின" என்றார்.

சீடியைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்தபோதுதான், அதன் ஓரத்தில் வளைந்த கீறல் ஒன்று என் கண்ணில் பட்டது. சீடிகளோடு பழகியவன் நான். கை தவறி விழுந்த கீறல் நேராக இருக்கும். இது எதையோ உள்ளே விட்டு நெம்பி இழுத்த கீறல். யாருடையதையோ பிடுங்கியிருக்கிறான், களவுச் சாமான் என்று எனக்கு நெஞ்சு துள்ளியது. கையில் ஒரு பிடி கிடைத்துவிட்டது. பாலாவிச் சந்தியில் வாகன ரேடியோ திருத்துகிற ஒருவர் இருந்தார். எல்லோரும் ரேடியோ பாஸ் என்றே கூப்பிடுவார்கள். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் சீடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நான் போட்ட கீறல்தானே. ஒனக்கு எப்படி இது கெடச்ச?"

"நீங்களா?"

"ஒரு வெங்காய லொறிக்காரன்ட. கொழும்பு புறக்கோட்டையில இந்தப் பொம்புளட பேரெடுத்த பாட்டெண்டு நெனச்சி வாங்கியிரிக்கான். கொணந்து போட்டா வேற பழைய பாட்டெல்லாம் பாடுது. எடுக்கப் பாத்தா, பெட்டிக்குள்ள சிக்கிட்டு. வெளிய வராது. ரேடியோவும் புடிக்காது, இது மட்டும்தான் பாடும். வருசக் கணக்கா இதையே கேட்டுக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்திரிக்கான்."

"பொறகு?"

"பெட்டி சுத்தமா நிண்டபொறகுதான் எனக்கிட்ட கொணந்த. கம்பி விட்டு நெம்பி எடுத்தேன். கழிஞ்ச சாமான், வீசு, புதுசு ரெண்டு சும்மா தாறேன் எண்டேன்." பாஸ் சிரித்தார். "சாரத்தால தொடச்சி, திருத்தின பெட்டிக்குள்ள திரும்ப இதையே போட்டுக்கொண்டு போறான் அந்த மனுசன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். வெள்ளைக்காரி இல்லை, களவு இல்லை. தவறி வாங்கியது, சிக்கிக்கொண்டது, விடுதலை கிடைத்த அன்றும் விடவில்லை. வேறொருவன் கேட்டால் இதில் என்ன குறை என்பான். எனக்கோ இதுவும் பொறுக்கவில்லை. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா? இது பிடிவாதமா, சோம்பலா, புத்திக்குறைவா? இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

உம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். "குறையெண்டு ஒண்டும் அம்புடல்ல உம்மா. ஆனா அவசரப்படத் தேவல்ல. இன்னும் ஒரு மாசம் பாப்பம்."

தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வழக்கமாக மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவாள். அன்றைக்குக் கோப்பையை வைத்த வேகத்தில் தேத்தண்ணி என் விசைப்பலகையில் தெறித்தது.

"எத்தின நாளாப் போடுறீங்க நானா அந்த சீடிய?"

எனக்கு விளங்கவில்லை. அவள் குரலை அவ்வளவு பெரிதாக அந்த வீட்டுக்குள் நான் கேட்டதில்லை.

"அந்தாள விசாரிக்கத்தான் போடுறீங்களா? இல்ல ஒங்களுக்குப் புடிச்சிப்போச்சா? புடிச்சதெண்டு சொல்ல வாய் வருதில்ல, குத்தமெண்டு சொல்லவும் ஒண்டுமில்ல. போன முறையும் இப்படித்தான். அதுக்கு முந்தியும் இப்படித்தான். நான் இந்தப் பக்கத்துல இரிந்து கேட்டுக்கொண்டே இரிக்கிறேன். என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ ஒண்டும் சொல்லல்லயே…"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு!"

கணினியின் தட்டைத் திறந்து சீடியை எடுத்தாள். உறையைத் தேடி எடுத்து அதற்குள் போட்டாள்.

"இது என்னட்ட இரிக்கும். அவருக்கு வேணுமெண்டா வந்து வாங்கச் சொல்லுங்க. வாறதெண்டா வரட்டும், இல்லாட்டி போகட்டும். நடுவுல நீங்க நிண்டுகொண்டு இரிக்கவாணாம்."

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் இருந்தார்.

அவனுடைய போன் இலக்கத்தை வாங்கி அழைத்தேன். "தம்பி, அந்த சீடி விசயமா…" என்று தொடங்கினேன்.

"ஓம் நானா, சொல்லுங்க. தங்கச்சிக்குப் புடிச்சிரிக்காமா?"

தங்கச்சி என்ற சொல்லே என் வாயில் வந்திருக்கவில்லை.

"நான் யாரெண்டு எப்ப இரிந்து தெரியும் ஒங்களுக்கு?"

"ரோட்டில கை காட்டினீங்களே, அப்பவே தெரியும். விசாரிக்கிறது நீங்க மட்டுமா நானா? எங்கட ஆக்களும் விசாரிச்சதுதானே. முன்னறையில பெரிய ஸ்பீக்கர் ரெண்டு இரிக்கி, பக்கத்து ரூம் தங்கச்சிடயெண்டு சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினான். "அதான் சத்தம் கூட்டிக் கேக்கச் சொன்ன."

ஆக, நான் சந்தேகப்பட்டது சரிதான். ஆள் கள்ளன்தான். தன் மனதில் இருந்ததை என் கையாலேயே எங்கள் வீட்டுக்குள் அனுப்பிவைத்திருக்கிறான், நானும் சம்பளம் வாங்காத தபால்காரனாக அதைக் கொண்டுவந்து தினமும் ஒலிபரப்பியிருக்கிறேன். கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாகச் சிரிப்பு வந்தது. ரேடியோ பாஸும் இதற்குக் கூட்டா என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பாஸ் கேட்டால் சிரிக்கிறார், பதில் சொல்வதில்லை.

சீடியை வாங்குவதற்கு அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவன் தன் உம்மாவோடு வந்தான்.

கலியாணப் பதிவான காவின் எழுதுகிற அன்று, பெண்ணுக்குப் பொறுப்பாளன் என்ற முறையில் இரண்டு சாட்சிகளோடு நான்தான் உள்ளே போய்ச் சம்மதம் கேட்டேன். பெண் வாய் திறக்கத் தேவையில்லை. தலையைக் குனிந்தாலே போதும், அதையே சம்மதமாக எழுதிக்கொள்வார்கள். அதே அறை, அதே திரைச்சீலை. பெண்கள் பக்கம் படம் பிடிக்கிற பிள்ளை கெமராவோடு மூலையில் நின்றாள். நான் மாப்பிள்ளையின் பெயரையும் அவன் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரையும் சொல்லி, "ஒனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேட்டேன்.

அவள் மூச்சை இழுத்தாள். "ஓம்" என்றாள். முற்றத்துப் பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள். பாதியில் குரல் பிசிறியது. உடனே, யாரும் கேட்காமலேயே, அதைவிடச் சத்தமாக இன்னொரு தரம் "ஓம்" என்றாள். சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

எடிட்டிங்கில் அந்த இடம் வந்தபோது, சத்தத்தின் அளவு சிவப்புக்கோட்டைத் தாண்டி உடைந்திருந்தது. வேறு யாருடைய கலியாணமாக இருந்தாலும் சரிசெய்திருப்பேன். இரண்டு முறை சொன்னதில் ஒன்றை எடுத்திருப்பேன். அதில் நான் கை வைக்கவில்லை.